கினபாத்தாங்கானில் தங்க லாட்ஜா, கம்பத்து வீடா?

போன ஆகஸ்டில் குடும்பத்தோடு கிழக்கு மலேசியாவின் சபா மாநிலம் போய் வந்ததிலிருந்து எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எங்கே தங்குவது? கினபாத்தாங்கான் ஆற்றோரம் நான்கு இரவு இருந்தோம். இரண்டு இரவு சுக்காவ் பக்கம் ஒரு தனியார் லாட்ஜ். இரண்டு இரவு பத்து பூத்தேயில், கோப்பெல் என்ற கிராமக் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் ஹோம்ஸ்டே, அதாவது கம்பத்து (கிராமத்து) வீட்டில் அவர்களோடு தங்குவது. அடுத்த முறை அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம். பத்து பூத்தேக்கே சொல்லி வைத்துவிட்டேன்.

வசதியில் லாட்ஜ்தான் மேல். ஏர்கோன், வெந்நீர், ஆற்றைப் பார்த்த அறை. கம்பத்து வீட்டில் தரையில் மெத்தை, கொசுவலை, வீட்டுக்கார மக்சிக் (மலாயில் அத்தை, சித்தி மாதிரி) சமைத்த மீன். செலவு எங்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான் ஆனது. சைவம் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படகிலும் லாட்ஜுக்கே என் ஓட்டு. மாலையில் குரங்குகள் ஆற்றோர மரங்களுக்குத் தூங்க வரும் நேரம், படகோட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு மின்மோட்டாரைப் போட்டார். அப்புறம் நீண்ட மூக்குள்ள தும்பிக்கைக் குரங்குகள் கிளைக்குக் கிளை தாவும் சலசலப்பு மட்டும்தான்.

விலங்குகள் இரண்டு இடத்திலும் நிறையவே கண்ணில் பட்டன. அதற்குக் காரணம் கொஞ்சம் வேதனையானது. சுற்றிலும் செம்பனை (பாமாயில்) தோட்டங்கள். காடு ஆற்றை ஒட்டிய பட்டையாகச் சுருங்கிவிட்டதால் யானையும் ஒராங் ஊத்தானும் அந்தப் பட்டைக்குள்தான் வாழ வேண்டியிருக்கிறது. 2005-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம்கூட ஒரே காடாக இல்லை, 10 துண்டுகள். அதனால் அங்கே பாதுகாப்பு என்றால், மிச்சக் காட்டைக் காவல் காப்பதோடு அழிந்த இடத்தில் திரும்ப மரம் வளர்ப்பதும்தான்.

நான் முடிவெடுத்தது இதை வைத்துத்தான். நாம் கொடுக்கும் பணம் எங்கே போய்ச் சேருகிறது?

லாட்ஜ்காரர்களைக் குறை சொல்லவில்லை. அங்கும் படகோட்டி, சமையல்காரர் பாதிப்பேர் உள்ளூர்க்காரர்கள்தான். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது சம்பளம், லாபம் முதலாளிக்கு. பத்து பூத்தேயில் ஆற்றோரப் பூர்வகுடிகளான ஒராங் சுங்கை மக்களே சங்க உறுப்பினர்கள். விருந்தினர்களை வீடுகளுக்கு முறை வைத்துப் பிரித்து அனுப்புகிறார்கள். வழிகாட்டி, படகு, காட்டு வேலை எல்லாம் ஒரே சங்கத்தின் கணக்கில் வருகின்றன. 1997-98 வறட்சியில் அந்தப் பக்கத்துக் காடு எரிந்தது. அதைத் திரும்ப வளர்க்கும் வேலையைத் தொடங்கியவர்கள் 2003-இல் கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்துகொண்டார்கள். களை மூடிக் கிடந்த துங்கோக் ஏரியைச் சுத்தம் செய்ததும் அவர்கள்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் தொழிலாளர்களுக்கு வேலையும் வீடும் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், இதே ஊரில் பிறந்த ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். என் தாத்தாவும் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார். வேலை செய்கிறவனே பங்குதாரனாகவும் இருப்பது எவ்வளவு பெரிய தைரியம் என்பதை எங்கள் வீட்டில் கேட்டே வளர்ந்தேன்.

மழைக்காலத்தில் கம்பத்து வீடு எப்படியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நவம்பருக்குப் பிறகு ஆறு பெருகும். முட்டிவலிக்காரர்களுக்குப் படிகளும் தரைப் படுக்கையும் சிரமம். அப்படியென்றால் லாட்ஜுக்கே போங்கள்.

கடைசி நாள் காலை, பசியாறிவிட்டு நாற்றங்காலுக்குப் போனோம். ஊர்ப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அதே பை. அம்மா பல வருடம் செம்பனைக் கன்றுக்காக நிரப்பி நாள்கூலி வாங்கிய அதே பை. இங்கே அதில் காட்டு மரக் கன்று. நானும் இருபது பை நிரப்பினேன்.

வீட்டுக்கு வந்து படத்தைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “மண்ணை இப்படி இறுக்கக் கூடாதுப்பா, வேர் எப்படி ஓடும்? என்னைக் கூட்டிட்டுப் போ, நான் நிரப்பிக் காட்டுறேன்.”