எண்டோஸ்கோப் நுனியில் எது அசையலாம்?

கோவைக்காரர்களுக்கு எதைச் சுழற்ற வேண்டுமென்றாலும் மோட்டார்தான் முதலில் நினைவுக்கு வரும். கணபதியில் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவரிடம் எண்டோஸ்கோப் ஸ்கேனர் பற்றிப் பேச்செடுத்ததும், "ஏனுங்ணா, மோட்டாரை நுனியிலயே வச்சுட்டாத் தீர்ந்துதுங்களே?" என்றார். பாதி தீரும்.

சாதாரண எண்டோஸ்கோப்புக்கு நுனியில் கேமரா சிப் போதும். ஓசிடி (திரும்பி வரும் ஒளியை வைத்துத் திசுவின் அடுக்குகளைக் காட்டும் முறை), கான்ஃபோகல் (ஒரே ஆழத்து ஒளியை மட்டும் எடுக்கும் நுண்ணோக்கி முறை) இரண்டும் திசுவுக்கு உள்ளே பார்ப்பவை. குவித்த ஒளிப்புள்ளியை நகர்த்தி நகர்த்தித்தான் படம் எடுக்கும். அதை எங்கிருந்து நகர்த்துவது என்பதில்தான் போட்டி.

இதய ரத்தக்குழாய்க்குள் போகும் ஓசிடி கதீட்டரில், அதாவது மெல்லிய குழாயில், மோட்டார் வெளியே இருக்கும். ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழை, அதாவது ஃபைபர், முழுக்கச் சுழலும். தடிமன் சுமார் 1 மி.மீ.தான், வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் வளைவுகளில் உராய்ந்து முறுக்கேறி, சட்டென்று விடும். படம் ஒரு பக்கம் இழுபடும், இன்னொரு பக்கம் நெருங்கும். மோட்டாரை நுனியில் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, வேகமும் கூடும். நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றைத் தொட்ட ஆய்வக மோட்டார்களும் உண்டு. ஆனால் மோட்டாருக்குப் போகும் ஒயர் ஒளி வெளியே போகும் ஜன்னலுக்குக் குறுக்கே வந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துண்டை மறைக்கும். வளையாத நுனியும் நீளமாகும். உணவுக்குழாய்க்குத் தம்பி சொன்னது சரி. ரத்தக்குழாய்க்கு வெளி மோட்டார்தான்.

இரண்டுமே பக்கவாட்டில்தான் பார்க்கும். நேர் எதிரே பார்க்க எனக்குப் பிடித்தது அதிரும் ஃபைபர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எரிக் சீபல் குழு 1.2 மி.மீ. தடிமனில் செய்து காட்டியது. மின்சாரம் கொடுத்தால் நெளியும் பீசோ குழாயிலிருந்து நீட்டி நிற்கும் ஒற்றை ஃபைபர், நொடிக்குச் சில ஆயிரம் முறை அதிர்ந்து, கொசுவர்த்திச் சுருள் போல விரிந்து வரையும். சிவப்பு, பச்சை, நீல லேசர்கள் அதன் வழியே போகும். திரும்பி வரும் ஒளியைச் சுற்றியிருக்கும் ஃபைபர்கள் வாங்கிக்கொள்ளும். சூடு மாறினால் அதிர்வும் கொஞ்சம் நகரும், அளவுதிருத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். அது ஒரு தலைவலிதான்.

சிப் போலச் செய்யப்படும் நுண்ணிய அசையும் கண்ணாடியான மெம்ஸ் கண்ணாடி காகிதத்தில் அழகு. வெப்பத்தால் அசைவது சில வோல்ட்டிலேயே நன்றாகச் சாயும், ஆனால் மெதுவானது. மின்னிலை விசையால் அசைவது வேகமானது, வோல்ட்டேஜ் அதிகம் கேட்கும். உடம்புக்குள் போகும் கருவிக்கு அது யோசிக்க வேண்டிய விஷயம். கண்ணாடி சிறியதென்றாலும் கூடு தடித்துவிடும்.

அப்புறம் ஃபைபர் கட்டு. பாரிஸ் நிறுவனமான மௌனா கியாவின் செல்விசியோ இந்த வகை. பல்லாயிரம் நுண்ணிழைகள் சேர்ந்த கட்டு அது. நுனியில் எதுவுமே அசையாது, கண்ணாடிகள் வெளியே பெட்டிக்குள் ஆடும். படத்தில் தேன்கூட்டுக் கட்டம் தெரியும், அதை மென்பொருளில் துடைக்க வேண்டும். பார்க்கும் பரப்பு அரை மி.மீ. அளவுதான். ஃப்ளூரசீன் சாயமும் ஏற்ற வேண்டும். இருந்தாலும் நம்மூர்க் கல்லூரி ஆய்வகம் ஒன்று இன்றைக்குத் தொடங்குவதாக இருந்தால் இதைத்தான் சொல்வேன். பெட்டிக்குள் ஆடும் அந்தக் கால்வோ கண்ணாடி (மின்சாரத்தில் திரும்பும் கண்ணாடி) கடையில் கிடைக்கும், பழுதானால் மேசையிலேயே கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.