ஸ்பிரே கன் வாங்கி 3 வருஷம்: அடித்ததைவிடக் கழுவியதுதான் அதிகம்

கம்ப்ரசர் இல்லாமல், பிளக்கைச் செருகி அப்படியே கையில் பிடித்து அடிக்கிற ஸ்பிரேயர் என்னுடையது. பின்னால் மோட்டார், கீழே பெயிண்ட் கப், அவ்வளவுதான். 3 வருஷத்தில் கேட், ஜன்னல் கம்பி, கதவுகள், இரண்டு அலமாரி என்று நிறைய அடித்தாகிவிட்டது. அடிப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, இரண்டு நாளில் கை பழகிவிடும். எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்தது கழுவுகிற வேலைதான்.

முதல் வருஷம் நான் செய்ததைக் கழுவுவது என்றே சொல்லக்கூடாது. வேலை முடிந்ததும் கப்பில் தண்ணீர் ஊற்றி, தெளிவாக வரும்வரை அடித்துவிட்டு ஆணியில் மாட்டிவிடுவேன். வெளியே பார்க்கப் பளிச்சென்று இருக்கும். இரண்டு மாதம் கழித்து எடுத்தால் பெயிண்ட் பனிபோல் வராமல் எச்சில் துப்புவதுபோல் துப்பியது. பெயிண்ட் கெட்டி என்று நினைத்துத் தண்ணீர் கலந்தேன். கதவில் கோடு கோடாக வழிந்ததுதான் மிச்சம். பெயிண்ட் வெளியே வருகிற முனையான நாசிலைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

கோளாறு வேறு இடத்தில். மோட்டார் ஊதுகிற காற்றில் ஒரு பங்கு நாசிலைச் சுற்றி வந்து பெயிண்டைத் துகளாக்குகிறது. இன்னொரு பங்கு ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கப்புக்குள் போய் பெயிண்டை மேலே தள்ளுகிறது. அந்தக் குழாயின் நுனியில் சின்னக் காசு அளவில் ஒரு ரப்பர் வால்வு. கன்னைச் சாய்த்துப் பிடிக்கும்போது பெயிண்ட் அங்கே ஏறி, காய்ந்து, ரப்பரை ஒட்டிப் போட்டுவிட்டது. காற்று உள்ளே போகவில்லை என்றால் பெயிண்ட் எப்படி மேலே வரும்? வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து நகத்தால் நெருடினேன். வெயிலில் கறுத்த தோல் உரிவதுபோல் ஒரு படலம் முழுசாக உரிந்து வந்தது. அன்றிலிருந்து முதலில் கழற்றுவது அந்த வால்வைத்தான்.

இப்போது என் வழக்கம் இது. பிளக்கைப் பிடுங்கியபின் டிரிகரை ஒருமுறை அழுத்தினால் குழாயில் நிற்கும் பெயிண்ட் கப்புக்கே இறங்கிவிடும். அதை டப்பாவில் ஊற்றிவிட்டு, தண்ணீரில் கலக்கிற எமல்ஷன் பெயிண்ட் என்றால் வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு அடிப்பேன். அப்புறம் நாசில், அதன்மேல் இருக்கிற மூடி, உள்ளே இருக்கிற ஊசி எல்லாவற்றையும் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்ப்பேன். மூடியில் இருக்கிற காற்றுத் துளைகளில் மட்டும் குண்டூசி விடாதீர்கள். நான் விட்டேன். துளை அகன்று, பெயிண்ட் ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் லேசாகவும் விழ ஆரம்பித்தது. புது மூடி வாங்கித்தான் தீர்ந்தது. மரக் குச்சி போதும். மோட்டார் பகுதியைத் தண்ணீரில் முக்கக்கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் சரி.

எண்ணெய் பெயிண்டான எனாமல் அடித்த நாள் கொஞ்சம் பெரிய வேலை. பெயிண்டைக் கரைக்கிற தின்னரை ஒரே தடவை கப் நிறைய ஊற்றுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று தடவை ஊற்றிக் குலுக்குவது நன்றாகச் சுத்தம் செய்கிறது, செலவும் குறைவு. மூடிய அறையில் தின்னரை அடித்துப் பார்க்கவே வேண்டாம், மோட்டாரின் ஒரு தீப்பொறி போதும். பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். அழுக்குத் தின்னரைச் சாக்கடையில் கொட்டாமல் மூடியுள்ள தகர டப்பாவில் வைத்தால் சில நாளில் நிறம் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை அடுத்த முறை முதல் அலசலுக்கு வைத்துக்கொள்கிறேன். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். எண்ணெய் கலந்த பெயிண்டும் வார்னிஷும் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கலாம்.

ஒருமுறை சோம்பல்பட்டு, கன்னில் இருக்கிற ரப்பர் வாஷர்களை ராத்திரி முழுக்கத் தின்னரில் போட்டுவிட்டேன். காலையில் உப்பிப்போய்க் காடியில் உட்காரவே இல்லை. இப்போது துடைத்து, ஊசிக்கும் வாஷருக்கும் துளி வாசலின் தடவி வைக்கிறேன். சிலிக்கான் எண்ணெய் வேண்டாம். அது கொஞ்சம் பெயிண்டில் கலந்தாலும் அடித்த இடமெல்லாம் அம்மைத் தழும்புபோல் குழி விழும்.

மோட்டார் பக்கம் இருக்கிற காற்று வடிகட்டியை ஒரு வருஷம் நான் கவனிக்கவே இல்லை. அந்தப் பஞ்சில் பெயிண்ட் தூசி அடைந்து, கன் மூச்சு வாங்குவதுபோல் சத்தம் போட்டபிறகுதான் திறந்தேன். சோப்பு நீரில் அலசி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டினேன், சத்தம் சரியாகிவிட்டது.

கழுவ மட்டும் ஒவ்வொரு தடவையும் 25 நிமிஷம் போகிறது. அதனால் ஸ்டூல் மாதிரிச் சின்னப் பொருளுக்கு இதை எடுப்பதில்லை, பிரஷே லாபம். நண்பர்கள் இரவல் கேட்டால் தாராளமாகக் கொடுக்கிறேன், ஒரே ஒரு நிபந்தனையோடு: வேலை முடிந்த கையோடு கழுவாமல் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும்.