கொரிய விருந்தினர்: மொழிப் பயிற்சியா, பழக்கப் பயிற்சியா?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர் வட்டார விடுதிகளுக்குக் கொரியர்கள் பழகிய விருந்தினர்கள். பணியாளர்களுக்குக் கொரிய மொழி கற்பிப்பது வரவேற்பு மேசைக்கு ஓரளவு உதவும். ஆனால் 'அன்யோங்ஹாசேயோ' என்று வணங்கியவர், விருந்தினர் கொரிய மொழியிலேயே கேட்கும் அடுத்த கேள்வியில் திணறிவிடுவார். அந்த இடத்தில் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியே மேல்.

பழக்கங்களையோ எந்தச் செயலியும் கைக்குப் பழக்கித் தராது. அறைச்சாவியை இரு கைகளாலும் நீட்டுவது, மேசையில் மூத்தவருக்கு முதலில் பரிமாறுவது, விருந்தினர் பெயரைச் சிவப்பு மையால் எழுதாதிருப்பது (அங்கே அது இறந்தவர்களோடு தொடர்புடைய நிறம்), சோற்றுக்கு மறவாமல் கரண்டி வைப்பது, கிம்ச்சி (புளிக்கவைத்த காரக் காய்கறித் தொடுகறி) தீர்ந்தால் தனிக் கட்டணம் போடாமல் நிரப்புவது ஆகியவை சில நாள் ஒத்திகையிலேயே கைவந்துவிடும். ஆகவே என் தேர்வு பழக்கப் பயிற்சிதான்.