லேசர் கட்டர் விளம்பரத்தில் 40 வாட் என்று இருந்தால், எந்த வாட் என்று கேளுங்கள்

அக்ரிலிக்கும் மெல்லிய தகடும் வெட்ட லேசர் கட்டர் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "40 வாட், மரம், அக்ரிலிக், உலோகம் எல்லாம் வெட்டும்" என்று விளம்பரம் போட்டு என்னிடம் ஒரு மெஷினை விற்றார்கள். 3 மி.மீ. கண்ணாடி போன்ற நிறமில்லாத அக்ரிலிக், அப்புறம் அரை மி.மீ. எவர்சில்வர் தகடு, இந்த இரண்டும்தான் எனக்கு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தேன். "தாராளமா வெட்டும் சார்" என்று பதில் வந்தது.

வந்தது நீல டையோடு லேசர், அதாவது ஒரு சின்னக் குறைகடத்திச் சில்லிலிருந்து நீல ஒளி விடும் வகை. அந்த 40 வாட், மெஷின் இழுக்கும் கரண்ட்டின் கணக்கு. லேசர் ஒளியாக வெளியே வருவது 5 வாட்தான், அதைக் கையேட்டின் உள்ளே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், விளம்பரத்தில் ஒரு இடத்திலும் இல்லை.

நிறமில்லாத அக்ரிலிக்கை வைத்து ஓட்டினால் அடியில் இருந்த பலகை கருகியது, அக்ரிலிக்கில் கீறல்கூட விழவில்லை. வேகத்தைக் குறைங்க, ஃபோகஸைச் சரி பண்ணுங்க என்று விற்றவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதனால் ஒன்றும் ஆகாது. சுமார் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி அந்த அக்ரிலிக்குக்குள் தங்காமல் ஊடுருவிப் போய்விடுகிறது, தங்காத ஒளி எப்படிச் சூடாக்கும்? ஆதாரமாக அவர் அனுப்பிய வீடியோவில் வெட்டியது கறுப்பு அக்ரிலிக். அது ஒளியை உறிஞ்சும், அதனால் வெட்டும். கறுப்பைக் காட்டி நிறமில்லாததற்கு விற்பதை ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

இந்த வேலைக்குத் தேவை சிஓ2 லேசர், அதாவது கண்ணாடிக் குழாயில் அடைத்த கார்பன் டை ஆக்சைடு வாயுவிலிருந்து ஒளி எடுக்கும் வகை. அதன் ஒளி 10,600 நானோமீட்டர், அக்ரிலிக் எந்த நிறமாக இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும், விளிம்பும் பாலிஷ் போட்டதுபோல வரும். அதிலும் வாட் கணக்கில் விளையாடுவார்கள், ஆகவே கண்ணாடிக் குழாயின் நீளத்தைக் கேளுங்கள். 40 வாட் குழாயே ஏறக்குறைய 700 மி.மீ. இருக்கும், அதே நீளத்தைக் காட்டி 60 வாட் என்றால் சந்தேகப்படுங்கள்.

எவர்சில்வரில் என் மெஷின் போட்டது வெறும் கறை. சிறிய சிஓ2 மெஷினும் தகட்டை வெட்டாது, பளபளக்கும் உலோகம் அந்த ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அடித்துவிடும். தகட்டுக்கு 1064 நானோமீட்டர் ஃபைபர் லேசர் (கண்ணாடி இழைக்குள் ஒளி உண்டாக்கும் வகை) வேண்டும், அதுவும் சிறிய வாட்டில் மிக மெல்லிய தகட்டைப் பல தடவை ஓட்டித்தான் வெட்டும், நிறமில்லாத அக்ரிலிக்குக்கு அது உதவாது. ஒரு சின்ன மெஷின் இரண்டையும் வெட்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் வேறு விஷயத்தில். பிவிசி வெட்டலாமா என்று கேட்டதற்கு "அதுவும் வெட்டலாம்" என்றார்கள். பிவிசி சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஈரம் பட்டால் அது அமிலம், நுரையீரலையும் அரிக்கும் மெஷினின் தண்டவாளத்தையும் துருப்பிடிக்க வைக்கும். வினைல் ஸ்டிக்கர், பல ரெக்சின் துணிகள் எல்லாம் இதே பிவிசிதான். வீட்டில் குழந்தைகள் இருக்கும் ஒருவர் இந்தப் பதிலை நம்பி ஓட்டியிருந்தால்?

கூட வந்த, கண்ணுக்குப் போடும் பச்சைப் பாதுகாப்புக் கண்ணாடியும் அப்படித்தான். எந்த அலைநீளத்தைத் தடுக்கும், எவ்வளவு தடுக்கும் என்று அதில் ஒரு எழுத்து இல்லை. இந்த ஒளி கண்ணில் பட்டால் போன பார்வை திரும்பாது. சிஓ2 மெஷின்களில் நிறமில்லாத அக்ரிலிக் மூடியே 10,600 நானோமீட்டர் ஒளியைத் தடுத்துவிடும், ஆனால் அதே மூடி நீல லேசரையோ ஃபைபர் லேசரையோ தடுக்காது. கண்ணாடியை அலைநீளம் பார்த்துத் தனியாக வாங்குங்கள்.

திருப்பித் தருகிறேன் என்றால் "யூஸ் பண்ணின பொருளை எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். ஓட்டிப் பார்க்காமல் வெட்டாது என்று எப்படித் தெரியும்? அதற்குப் பதில் இல்லை.

ஆகவே ஒளியின் வாட் எவ்வளவு, அலைநீளம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் வெட்டப் போகும் பொருளிலேயே ஒரு துண்டை அனுப்பி, அதை வெட்டும் வீடியோவைக் கேளுங்கள். துண்டு வாங்க மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.