அம்மா, தம்பி, பிள்ளைகள்: வீட்டு வரிக் கணக்கை நானே போட்டுவரும் அனுபவம்

எங்கள் வீட்டு வருமான வரிக் கணக்கைப் பல வருடங்களாக நானேதான் தாக்கல் செய்கிறேன். என் சம்பளம், குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மா, மாற்றுத்திறனாளியான தம்பி, மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என்று எல்லோருடைய வரவு செலவும் அதில் அடங்கும். ஜூலை மாதம் வந்தால் சொந்தக்காரர்களும் போன் செய்வார்கள். கழிவுகளை (வரி போடும் முன் வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ளும் தொகைகளை) காட்டும் பழைய முறை, பெரும்பாலான கழிவுகள் இல்லாமல் வரி விகிதம் குறைவாக இருக்கும் புதிய முறை இரண்டிலும் இருந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அம்மா எங்கூடத்தான் இருக்காங்க. அவங்களுக்காக எவ்வளவு கழிச்சுக்கலாம்?" வீட்டில் ஆளுக்கு இவ்வளவு என்று நம் நாட்டில் கழிவு கிடையாது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே கணக்காகத் தாக்கல் செய்யவும் வழியில்லை. அவரவர் பான் எண்ணுக்கு அவரவர் கணக்கு. பணம் யார் பெயரில் வருகிறது, யார் கணக்கிலிருந்து எதற்காகப் போகிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

2025-26 நிதியாண்டுக் கணக்குக்குப் பொருந்தும் வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் நமக்கும் மனைவி பிள்ளைகளுக்குமான மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 25,000 ரூபாய் வரை கழிவு உண்டு. 60 வயது நிரம்பிய பெற்றோருக்குக் கட்டினால் தனியாக 50,000 வரை. அவர்கள் நம்மை நம்பித்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அவர்களுக்குக் காப்பீடே இல்லையென்றால் டாக்டர், மருந்துச் செலவை அதே 50,000க்குள் காட்டலாம். ஆனால் ரொக்கமாகக் கொடுத்த செலவு இதில் சேராது. அதனால் மருந்துக்கடை பில்லை யுபிஐயில் கட்டிவிடுவது நல்லது.

பலருக்கும் தெரியாமலே போவது 80டிடி. நம்மைச் சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளி மனைவி, பிள்ளை, பெற்றோர் மட்டுமில்லை, உடன்பிறந்தவர்களுக்கும் இது பொருந்தும். குறைபாடு 40 சதவீதம் முதல் என்றால் 75,000, 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. எவ்வளவு செலவானது என்று பார்ப்பதில்லை, முழுத் தொகையும் கழியும். மருத்துவச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்றவற்றுக்குப் படிவம் 10ஐஏவும் வேண்டும்.

சரி, இவ்வளவும் இருந்தால் பழைய முறைதானே லாபம்? 2025-26 நிதியாண்டுக்கு 15 லட்சம் சம்பளம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நிலைக்கழிவு (சம்பளக்காரர் எல்லோருக்கும் பொதுவான கழிவு) 50,000, 80சி (பிஎஃப், எல்ஐசி போன்ற சேமிப்புகள்) 1.5 லட்சம், 80டி 75,000, 80டிடி 1.25 லட்சம், வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம். எல்லாம் கழித்தால் 9 லட்சம் நிற்கும். செஸ்ஸோடு (வரியின் மேல் 4 சதவீதக் கூடுதல் வரி) சேர்த்து வரி 96,200 ரூபாய். புதிய முறையில் 75,000 நிலைக்கழிவு மட்டும் போக, வரி 97,500. வித்தியாசம் 1,300 ரூபாய்தான்! வீட்டுக்கடன் இல்லாதவருக்குப் புதிய முறையே மேல். சம்பளம் 12.75 லட்சத்துக்குள் என்றால் புதிய முறையில் வரியே இல்லை, யோசிக்க ஒன்றுமில்லை.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. புதிய முறையில் 80டிடி கிடையாது. மாற்றுத்திறனாளியை வீட்டில் வைத்துப் பராமரிப்பது சேமிப்புத் திட்டம் மாதிரி நாமாகத் தேர்ந்தெடுக்கும் செலவு இல்லை. அந்த ஒரு கழிவையாவது புதிய முறையிலும் கொடுத்திருக்க வேண்டும்.

அம்மா கணக்கில் புதிய முறை நன்றாகவே ஒத்துவருகிறது. குடும்ப ஓய்வூதியம் சம்பளத் தலைப்பில் வராது, பிற வருமானத்தில் வரும். அதனால் 75,000 கழிவு அதற்கு இல்லை. மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அதுதான் கழியும். இருந்தாலும் மொத்தம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரி பூஜ்யம். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி இல்லாவிட்டாலும் தாக்கல் செய்தே ஆகவேண்டும். மூத்த குடிமக்களுக்கு வங்கி வட்டியில் டிடிஎஸ் (வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) வரம்பு 2025 ஏப்ரலிலிருந்து ஒரு லட்சமாகிவிட்டது. அதற்கு மேல் வட்டி வந்தாலும் மொத்தத்தில் வரி வராது என்றால், வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை ஏப்ரலிலேயே வங்கியில் கொடுத்துவிட வேண்டும்.

அப்புறம், யார் பெயரில் டெபாசிட் போடுவது? அம்மாவுக்கு நான் கொடுக்கும் பணத்துக்கு இருவருக்கும் வரி இல்லை, அதில் வரும் வட்டி அம்மாவின் வருமானம். அதே பணத்தை மனைவிக்குக் கொடுத்து டெபாசிட் போட்டால் வட்டி என் வருமானத்தோடு சேரும். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெயரில் போட்டால், பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் தலையில் ஏறும். பிள்ளை மாற்றுத்திறனாளியாக இருந்தாலோ, சொந்தத் திறமையில் சம்பாதித்தாலோ மட்டும் விலக்கு. பெண் குழந்தைக்குச் செல்வமகள் திட்டம் என்றால் வட்டிக்கு வரியே இல்லை.

"தாக்கல் செய்தால் அரசு கொடுக்கும் தொகை நின்றுவிடுமா?" என்று பயந்து கேட்பவர்கள் உண்டு. தாக்கல் செய்வது வேறு, வரி கட்டுவது வேறு. பிஎம் கிசானில் முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வரி கட்டியவர்களுக்குத்தான் தடை. அதில் குடும்பம் என்பது கணவன், மனைவி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். வேலைக்குப் போகும் மகன் வரி கட்டுவதால் கிராமத்தில் இருக்கும் அப்பாவின் 6,000 ரூபாய் போகாது. மகளிர் உரிமைத் தொகையில் ரேஷன் அட்டைக் குடும்பத்தைப் பார்க்கிறார்கள், ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே இந்த இரண்டு திட்டங்களின் விதிகளையும் ஒன்றாக வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சம்பளக்காரர்கள் வருடத்துக்கு வருடம் முறையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும், பெரும்பாலானவர்களுக்கு அது ஜூலை 31. தாக்கல் செய்ததோடு வேலை முடியாது. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போட்டுச் சரிபார்க்க வேண்டும். அம்மாவின் ஆதாரில் இப்போது கையில் இருக்கும் போன் நம்பர்தான் இருக்கிறதா என்று ஜூனிலேயே பார்த்துவிடுங்கள்.