கையால் சுற்றிய பிக்கப் என்று நம்பி மூன்று மாதச் சேமிப்பை விட்டேன்: கிட்டார் கட்டுகிறவர்கள் கவனிக்கவும்

நேற்று ராத்திரிதான் பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) அடியில் ஒட்டியிருந்த கறுப்பு நாடாவைப் பிரித்தேன். இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை, கோபத்தில். "சிங்கிள் காயில் பிக்கப் எப்படித் தேர்ந்தெடுப்பது" என்று, அதாவது ஒரே கம்பிச்சுருள் கொண்ட வகையைப் பற்றி, விரிவாக ஒரு பதிவு எழுதுவதாகப் போன மாதம் சொல்லியிருந்தேன், இல்லையா? அது இப்படி ஆகிவிட்டது. மூன்று பிக்கப், மூன்று மாதச் சேமிப்பு, போயே போச்சு.

ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார்) வடிவத்தில் ஒரு கிட்டாரை நானே கட்டிக்கொண்டிருந்தேன். உடல், கழுத்து, பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் பாலம்) எல்லாம் தனித்தனியாக வாங்கி, தேய்த்து, எண்ணெய் பூசி, காயவைத்து முடித்தாயிற்று. பிக்கப் மட்டும் பாக்கி. முதலில் போட்டிருந்தது யாரோ கழற்றிக் கொடுத்த பழைய செட். அதை மாற்றிவிட்டு, ஐம்பதுகளில் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் அந்த மணியோசைக்குப் பக்கத்திலாவது போகவேண்டும் என்று ஆசை. அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆறு ஆல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்த உலோகம்) தண்டுகள், மேலும் கீழும் ஃபைபர் தகடு, நடுவில் 42 கேஜ் செம்புக் கம்பி ஏறக்குறைய 8000 சுற்று. மீட்டரை வைத்தால் மின்தடை 6 கிலோ ஓம் அக்கம்பக்கம் காட்டும். இதில் தண்டுகளே காந்தம். மலிவான வகையில் அப்படி இல்லை. தண்டு வெறும் இரும்பு, அடியில் ஒரு செராமிக் காந்தப் பட்டையை ஒட்டி விட்டிருப்பார்கள். செராமிக் என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதை வைத்து அருமையாக வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். செராமிக் என்று சொல்லி, செராமிக் விலைக்கு விற்றால் யாருக்கு என்ன சண்டை?

கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. எல்லாப் பொருளும் கிடைக்கும் ஓர் ஆன்லைன் சந்தை. அதில் "கையால் சுற்றிய பிக்கப்" மட்டும் விற்கும் ஒரு தனியாள் கடை. படங்கள் பளிச்சென்று இருந்தன, ஆனால் படத்தைப் பார்த்து நான் விழவில்லை. அவன் கேட்ட கேள்விகளில் விழுந்தேன்.

முதல் செய்தியிலேயே கேட்டான்: "சகோ, உங்கள் மூன்றாவது தந்தி சுற்றுத் தந்தியா, வெறும் தந்தியா?" இதை விஷயம் தெரிந்தவன்தான் கேட்பான். அந்தக் காலத்து செட்டில் மூன்றாவதான ஜி தந்தி, மேலே மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுத் தந்தி. ஓசை குறைவு என்பதால் அதற்குக் கீழே உள்ள காந்தத் தண்டை உயர்த்தி வைத்தார்கள். இன்றைக்கு நாம் போடும் வெறும் ஜி தந்திக்கு அதே உயரம் வைத்தால், அது மட்டும் மற்ற ஐந்தையும் அமுக்கிக்கொண்டு கத்தும். "வெறும் தந்திதான்" என்றேன். "அப்போ ஜி தண்டைத் தாழ்த்திப் போட்டுவிடுகிறேன்" என்றான். அடுத்து, "பிரிட்ஜில் முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் எத்தனை மில்லிமீட்டர்?" வெர்னியர் வைத்து அளந்து 52 என்று அனுப்பினேன். நடு பிக்கப்பின் கம்பியை எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் திருப்பிப் போடவேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்னால் அவனே சொன்னான். சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து பாடும்போது ரீங்காரம் ஒன்றையொன்று அடித்துப்போவதற்கான ஏற்பாடு அது. எனக்கு மனசு குளிர்ந்துபோனது. மரம் என்ன, ஆம்ப் என்ன என்றுகூட விசாரித்தான். நம் வேலையில் இவ்வளவு அக்கறையாக ஒருவன் பேசினால் யாருக்குத்தான் பிடிக்காது?

அப்புறம் வந்தது அந்த வரி. "தளம் வழியாக வாங்கினால் கமிஷன் பிடித்துக்கொள்வார்கள் சகோ. நேராக அனுப்பிவிடுங்கள், அந்தக் காசுக்கு மெழுகில் இன்னொரு முறை முக்கித் தருகிறேன்." மெழுகு எதற்கு என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு நியாயமாகப் படும் என்று புரியும். கம்பி உள்ளே தளர்ந்திருந்தால் சத்தத்தைக் கூட்டும்போது பிக்கப் கிறீச்சிடும், மெழுகு அதை இறுக்கிப் பிடிக்கும். சரி, நல்லதுதானே என்று மூன்று மாதச் சேமிப்பை அப்படியே அனுப்பிவிட்டேன். அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.

பெட்டி அழகாகத்தான் வந்தது. ஒவ்வொரு பிக்கப்புக்கும் கையால் எழுதிய ஒரு சீட்டு: நெக் (கழுத்துப் பக்கம்) 5.8, நடு 5.9, பிரிட்ஜ் 6.4 கிலோ ஓம். கீழே கையெழுத்து வேறு. அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புத் துணி நாடா. "ரீங்காரம் குறைய" என்று சீட்டில் எழுதியிருந்தான். அதையும் அக்கறை என்றே எடுத்துக்கொண்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். மேஜைமேல் மல்டிமீட்டர் இருந்தது. கை நீட்டினால் எட்டும். அளந்த சீட்டே கையில் இருக்கும்போது எதற்கு மறுபடி அளப்பது என்று நேராகச் சால்டரிங்கில் இறங்கிவிட்டேன்.

தந்தி மாட்டி முதல் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வாசித்ததும் தெரிந்துவிட்டது. மணி இல்லை, தகரம். ஜி தந்தி தனியாகக் கத்தியது. குனிந்து பார்த்தால் அதன் தண்டு மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கிறது. பிரிட்ஜ் பிக்கப்பில் முதல் தந்தியும் ஆறாவது தந்தியும் தண்டுகளுக்கு வெளியே தொங்கின. அளந்தால் மூன்று பிக்கப்பிலும் ஒரே இடைவெளி, 50 மில்லிமீட்டர். என்னிடம் அளவு கேட்டது எதற்கு? சும்மா கேட்டிருக்கிறான். சுவிட்சை இரண்டாம் நிலைக்குத் தள்ளினேன், ரீங்காரம் கொஞ்சமும் குறையவில்லை.

அன்றே எழுதினேன். "புதுக் காந்தம் சகோ, பத்து நாள் வாசியுங்கள், செட் ஆகிவிடும்." காந்தம் என்ன புதுச் செருப்பா? சரி, பொறுமையாக இன்னொரு முறை கேட்டேன். "வால்யூம் பாட் 250கே தானா பாருங்கள், 500 போட்டிருந்தால் கிறீச்சென்றுதான் இருக்கும்." சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியின் மின்தடையைச் சொல்கிறான். 250 கிலோ ஓம்தான், படம் எடுத்து அனுப்பினேன். படத்தைப் பார்த்துவிட்டு நான்கு நாள் மௌனம்.

அதற்குள் பிக்கப்புகளைத் தாங்கும் தகடான பிக்கார்டைக் கழற்றி, ஒயர்களைப் பிரித்து, மீட்டரை வைத்தேன். 5.3, 5.3, 5.4. சீட்டில் இருந்த எண்களோடு ஒன்றுகூடச் சேரவில்லை. பிரிட்ஜுக்கு அதிகம் சுற்றியதாகச் சொன்னதெல்லாம் கதை. இதற்கு அவன் சொன்ன பதிலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை: "குளிரில் மின்தடை குறையும் சகோ." குறையும்தான். செம்புக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம். அந்தக் கணக்கில் 6.4 இருந்தது 5.4 ஆகவேண்டும் என்றால் 40 டிகிரி இறங்கவேண்டும். அவன் 25 டிகிரியில் அளந்திருந்தால், என் அறை உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியில் இருந்திருக்கவேண்டும். நான் விசிறியைப் போட்டுக்கொண்டு அளந்தேன்.

நெக் பிக்கப்பையும் நடுவையும் முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்தேன். நடுவில் காந்தம் திருப்பிப் போட்டிருந்தால் இரண்டும் கப்பென்று ஒட்டிக்கொள்ளவேண்டும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகின. மூன்றும் ஒரே அச்சில் வார்த்த ஒரே சரக்கு. நேற்று ராத்திரி ஸ்க்ரூடிரைவர் நுனியை அடிப்பக்க நாடாமேல் ஓட்டினேன். ஆறு புள்ளிகளில் இழுக்கவேண்டியது, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே பிடியாக இழுத்தது. பிளேடால் நாடாவை மெல்லப் பிரித்தேன். சாம்பல் நிறத்தில் நீளமாக ஒரு செராமிக் பட்டை, சுற்றிப் பசை வழிந்து காய்ந்துகிடக்கிறது. கம்பி சுற்றும் சட்டமான பாபின் ஃபைபர்கூட இல்லை, பிளாஸ்டிக் வார்ப்பு. இந்த மாதிரி மூன்று பிக்கப்பின் உண்மையான விலை எனக்குத் தெரியும். அதற்கும் மூன்று மாதச் சேமிப்புக்கும் சம்பந்தமே இல்லை.

படம் எடுத்து அனுப்பினேன். காலையில் பதில்: "நாடாவைப் பிரித்துவிட்டீர்களே சகோ, பிரித்தால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது." பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட முடியாது, பிரித்தால் வாங்கமாட்டான். மத்தியானம் அந்தச் சந்தைத் தளத்தில் புகார் கொடுத்தேன். எங்கள் வழியாகப் பணம் வரவில்லை என்று இரண்டே வரியில் கைவிரித்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை என்பது இன்னும் எரிச்சல்.

விரிவாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதையாவது செய்யுங்கள். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், மெழுகு என்ன, தேன் தடவித் தருகிறேன் என்றாலும். அடிப்பக்கப் படம் கேளுங்கள், நாடா இல்லாமல். பெட்டியைப் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். சால்டரிங்குக்கு முன்னால் அளந்துவிடுங்கள், சீட்டை நம்பாதீர்கள். கிலோ ஓம் அதிகம் என்பதாலேயே நல்ல பிக்கப் என்றும் நினைக்காதீர்கள், மெல்லிய கம்பியைக் குறைவாகச் சுற்றினாலும் அந்த எண் ஏறும். நிஜ ஆல்நிகோ கையில் வந்தால் தண்டுகளை விரலால் அழுத்தி உயரம் சரிசெய்யாதீர்கள், உள்ளே கம்பி அறுந்துவிடும். வேறு என்னவோ சொல்லவேண்டும் என்று இருந்தேன், நினைவு வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து ஒரு செய்தி. எல்லாருக்கும் சேர்த்து அனுப்பியது போலிருக்கிறது. "சகோ, டெலிகாஸ்டர் பிக்கப்பும் சுற்ற ஆரம்பித்துவிட்டேன், பழைய வாடிக்கையாளர்களுக்குத் தள்ளுபடி உண்டு."