ஐஸ்கஸியோடு ஆறு வருடம்: அந்த 120 விநாடி

மார்த்தாண்டத்தில் அச்சகம் வைத்திருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மக்கா, நாகர்கோவில் கடைக்கும் இங்கேயும் சேர்த்து ஒரே டிஸ்க் போட்டா என்ன? நீ ஐஸ்கஸி ஓட்டுறேல்லா?"

ஓட்டுகிறேன், ஆறு வருடமாக. ஐஸ்கஸி (iSCSI) என்றால், வேறு இடத்தில் இருக்கும் டிஸ்கை நெட்வொர்க் வழியாக நம் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க் போலவே பயன்படுத்தும் முறை. வடசேரியில் என் சர்வீஸ் கடையில் லினக்ஸ் சர்வர், மார்த்தாண்டத்தில் தம்பி வீட்டில் ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டி), நடுவே பிராட்பேண்ட், அதன் மேல் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி வழி. வாடிக்கையாளர்களின் டேலி கணக்கு பேக்கப் ராத்திரி இந்த வழியாகத்தான் போகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் விழுந்த இடியில் பழைய பெட்டி போய்விட்டது. புதிதாக வாங்கியது வேறு கம்பெனி. அதை முதலில் கடைக்குக் கொண்டுவந்து, பழைய ஐக்யூஎன் பெயரையும் (ஐஸ்கஸியில் டிஸ்கை அடையாளம் காட்டும் பெயர்) சாப் பாஸ்வேர்டையும் (இணையும்போது சரிபார்க்கும் ரகசியச் சொல்) அப்படியே கொடுத்து, முழு காப்பியையும் கடையின் உள் நெட்வொர்க்கான லேனிலேயே நிரப்பினேன். பிறகு துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து மார்த்தாண்டம் கொண்டுபோனேன். அங்கே ஐபி முகவரி வேறு. புது முகவரியில் ஒருமுறை டிஸ்கவரி (அங்கே என்ன டிஸ்க் இருக்கிறது என்று சர்வர் தேடிப் பதிவது), ஒரு லாகின், அவ்வளவுதான். அதே பெயர், அதே டிஸ்க்.

இந்தப் பெயர் முறையை யோசித்தவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஐக்யூஎன் என்று தொடங்கி, ஆண்டு-மாதம், அப்புறம் டொமைன் பெயர் தலைகீழாக. டொமைன் நாளைக்கு இன்னொருவர் கைக்குப் போகலாம் இல்லையா? அதனால் எந்த மாதத்தில் அது யாரிடம் இருந்தது என்பதையும் பெயரிலேயே கட்டிவிட்டார்கள். பெட்டி எந்த ஊருக்குப் போனாலும் பெயர் மாறாது. கம்பெனி மாறியும் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டன என்றால், இணையத்துக்கான பொது விதிகளை எழுதும் ஐஇடிஎஃப் அமைப்பு 2004 ஏப்ரலில் வெளியிட்ட ஆர்எஃப்சி 3720 என்ற ஐஸ்கஸி ஸ்டாண்டர்டுதான் காரணம். 2014-ல் அதையும் அதன் திருத்தங்களையும் சேர்த்து 7143 ஆக்கினார்கள்.  

இனி என் கோபம். ஆடிச் சாரலில் தென்னை மட்டை லைனில் விழும், கரண்ட் போகும், மூன்று நிமிடத்தில் வரும். இது நம் ஊரில் ஒரு செய்தியே இல்லை. ஆனால் சர்வரில் இருக்கும் ஓப்பன்-ஐஸ்கஸி என்ற மென்பொருள், இணைப்பு அறுந்தால் இயல்பாக 120 விநாடிதான் பொறுக்கும். அதற்குப் பிறகு டிஸ்கில் எழுத முடியவில்லை என்று மேலே பிழை அனுப்பிவிடும். ஃபைல் சிஸ்டம் பயந்துபோய் ரீட்-ஒன்லி ஆகிவிடும். மூன்றாவது நிமிடம் தம்பி வீட்டு ரவுட்டர் எழுந்து, லாகினும் தானாக நடந்து, பச்சை விளக்கு எரியும். எழுத மட்டும் முடியாது. அப்படி இரண்டு ராத்திரி பேக்கப் போகாமலே கிடந்தது, மூன்றாம் நாள் காலையில்தான் பார்த்தேன்.

சரி, கான்ஃபிக் ஃபைலில் அந்த எண்ணை ஏற்றினேன். அடுத்த மழையிலும் அதே கதை! ஏற்கெனவே டிஸ்கவரி செய்து பதிந்துவைத்த டார்கெட்டுக்கு (தூரத்து டிஸ்குக்கு) பழைய எண்ணே நிற்கும். அந்தப் பதிவைத் தனியாக மாற்றி, லாக்அவுட் செய்து மறுபடி லாகின் செய்ய வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது. இப்போது 86400, அதாவது ஒரு முழு நாள் வைத்திருக்கிறேன்.

ஐஸ்கஸிக்கு அடிப்படையான ஸ்கஸி (SCSI), கம்ப்யூட்டர் டிஸ்கோடு பேசும் முறை, 1986-ல் ஸ்டாண்டர்டான சங்கதி. கம்ப்யூட்டருக்கும் டிஸ்குக்கும் நடுவே சில மீட்டர் கேபிள், அது பாதியில் அறுந்து மறுபடி ஒட்டும் என்று அதற்குத் தெரியாது. அதை இணையத்தின் டிசிபி இணைப்பில் ஏற்றி ஊர் விட்டு ஊர் அனுப்பியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. அதனால்தான் பிழை மீட்புக்கு 0, 1, 2 என்று மூன்று நிலை எழுதினார்கள். இரண்டாம் நிலையில், அறுந்த இணைப்பில் நின்ற வேலையை இன்னொரு இணைப்பில் தொடரலாம். ஆனால் 1-ம் 2-ம் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். ஓப்பன்-ஐஸ்கஸி 0-வோடு நிற்கிறது: அறுந்தால் முதலிலிருந்து லாகின். நியாயமாகப் பார்த்தால், மூன்று நிமிடக் கரண்ட் கட்டுக்கு 2-ம் நிலை முழு மருந்து அல்ல. இருந்தாலும், லைன் அறுவதையே தினசரி வாழ்க்கையாகக் கொண்டவர்களுக்கு அந்தப் பக்கங்கள்தான் முக்கியம். அவற்றை விருப்பம் என்று எழுதியிருக்கக் கூடாது.

வேகமும் சொல்ல வேண்டும். கடை லேனில் பிங் அரை மில்லி விநாடிகூட இல்லை, மார்த்தாண்டத்துக்கு 25. ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று எழுதும் மென்பொருளுக்கு விநாடிக்கு 40 முறைதான் எழுத முடியும், ஒரு முறைக்கு 4 கேபி வீதம் 160 கேபிதான். பெரிய ஃபைல் சரளமாகப் போகும், டேட்டாபேஸ் திணறும்.

நண்பனிடம் வேண்டாம் என்றேன். இரண்டு கடையும் ஒரே டிஸ்கை ஒரே நேரத்தில் சாதாரண ஃபைல் சிஸ்டத்தில் திறந்தால், ஒன்று எழுதியது மற்றதற்குத் தெரியாமல் எல்லாம் சிதைந்துவிடும். கடைக்குள் வேண்டுமானால் ஒரு சர்வரில் போடு, ஊருக்கு ஊர் ஆர்சிங்க் (மாறியதை மட்டும் நகலெடுக்கும் மென்பொருள்) போதும் என்றேன். "அப்போ உன்னுடையது?" என்றான். கழற்ற மனமில்லை. இந்த ஞாயிறு தம்பி வீட்டு ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கொண்டுபோகிறேன்.